மார்க் இருக்கிறது, வழி சொல்ல ஆள் இல்லை: முதல் பட்டதாரியின் பெற்றோருக்கு

அம்மா, உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், இப்போது பிளஸ் டூ, இன்ஜினியரிங் ஆசை. “எங்களுக்கு யாரையும் தெரியாது, பெரிய இடத்துப் பிள்ளைகளோடு இவள் எப்படிப் போட்டி போடுவாள்?” என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுப்பது பணம் மட்டுமில்லை. எந்தச் சான்றிதழை எப்போது எடுப்பது, எந்த இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டக் கூடாது என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அந்தக் குறையை முதலில் சரிசெய்வோம்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதல் என்று இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்துங்கள்.

அடுத்து இ-சேவை மையம். வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்குத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வந்த வாரத்தில் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) மேஜையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார் என்று காட்ட வேண்டும். உங்கள் கணவரின் பழைய டிசி தேவைப்படும், தேடி எடுத்து வையுங்கள். அவளுடைய அக்காவோ அண்ணனோ பி.ஏ. முடித்திருந்தால், முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கிடையாது.

உங்கள் மகளுக்குப் பெரிய வாய்ப்பு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் அங்கும் போய்க் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. இந்த ஒதுக்கீட்டில் அரசு நடத்தும் கவுன்சலிங் வழியே இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், கவுன்சலிங்குக்கு முன் எந்தக் கல்லூரியிலும் முன்பணம் கட்டாதீர்கள். “சீட்டு போய்விடும், இன்றைக்கே கட்டுங்கள்” என்று தரகர் போன் செய்வார். அது மேனேஜ்மென்ட் சீட்டு, அதாவது கல்லூரி தானே நிரப்பிக்கொள்ளும் இடம். அதில் சேர்ந்தால் 7.5 சதவீதமும் இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்த கையோடு திருப்பி வாங்குங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, ‘ஓப்பன்’ என்பது முற்பட்ட வகுப்பாருக்கான இடம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. கட்-ஆஃப் மதிப்பெண் அதிகமாக எடுத்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் அதிலேயே இடம் பிடிக்கலாம்.

ஐஐடி, என்ஐடி எண்ணம் இருந்தால், நீங்கள் பிசி அல்லது எம்பிசி வகுப்பாக இருந்தாலும் மாநிலச் சாதிச் சான்று அங்கே உதவாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்று தனியாக வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி மூலமாகவே பதிவு செய்யுங்கள். பணம் வரவில்லை என்ற புகாரில் அடிக்கடி காரணமாக இருப்பது வங்கிக் கணக்குதான். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதாது. “அரசு மானியம் நேரடியாக வரும்படி ஆதாரை இந்தக் கணக்கில் இணைத்துத் தாருங்கள்” என்று கிளையில் கேளுங்கள். ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கில் அப்படி இணைத்தீர்களோ, பணம் அங்கேதான் விழும்.

சிபாரிசுக்கு ஆள் இல்லையே என்ற கவலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் நியூட்டன் என்ற ஊரில் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் வேலை மாறியவர்களைக் கேட்டு 1973-இல் எழுதினார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஆளிடமிருந்து தகவல் வந்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள் சொன்னதே உதவியது. நெருங்கியவருக்கும் நமக்கும் தெரிந்த செய்தி ஒன்றேதான், அதனால் அப்படி. பெரிய இடத்துப் பிள்ளைக்கு இந்தத் தூரத்து அறிமுகம் கல்யாண வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, உங்கள் மகள் அதைத் தேடித்தான் சேர்க்க வேண்டும்.

முதல் ஆண்டிலிருந்தே அதே துறையில் மூன்று நான்கு சீனியர்களின் எண்ணை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வேலை கேட்கக் கூடாது, தகவல் கேட்க வேண்டும். “அக்கா, நான் இரண்டாம் ஆண்டு ஈசிஇ. நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் எந்த மாதம் ஆள் எடுக்கிறார்கள்? தேர்வில் என்ன கேட்டார்கள்?” இந்த அளவு எழுதினால் போதும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் தொந்தரவு வேண்டாம்.