ஹெவி மெட்டல் ராக் இசை என்றாலே காட்டுக்கத்தல்தானே, அதில் உண்மையிலேயே பாடத் தெரிந்தவர் யாராவது உண்டா?

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. 2003இல் கல்லூரி விடுதியில் பக்கத்து அறை சீனியர் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஸ்பீக்கரை அலறவிடுவார். சுவரைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "உட்காருடா, இதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டு" என்று பிளாக் சப்பாத் குழுவின் 'சில்ட்ரன் ஆஃப் தி சீ' பாட்டைப் போட்டார்.

கிதார் மெல்ல மீட்ட, தாலாட்டுக்குப் பக்கத்தில் வரும் ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கிதார் இடி மாதிரி இறங்குகிறது. குரல் அதில் அமுங்கிவிடும் என்று பார்த்தால், அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சொல்கூடச் சிதையவில்லை. பாடியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. உங்கள் கேள்விக்கு என் பதில் அவர்தான்.

1942இல் பிறந்த இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். இயற்பெயர் ரொனால்ட் படவோனா. வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் என்ற சிற்றூரில். ஐந்து வயதிலேயே கையில் டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டார்கள். குரல் பயிற்சிக்கென்று அவர் எந்த ஆசிரியரிடமும் போனதில்லை. டிரம்பெட் ஊதிப் பழகிய மூச்சுதான் தன் பாட்டுக்கு அடிப்படை என்று சொல்லியிருக்கிறார். நாயனக்காரர்கள் பாஷையில் சொன்னால் தம் கட்டத் தெரிந்தவர். கத்துகிறவனுக்குத் தொண்டை போதும், நாலு பாட்டுக்குள் அது கட்டிக்கொள்ளும். இவர் வயிற்றிலிருந்து பாடியதால் அறுபது வயதைத் தாண்டியும் மேடையில் அதே சுருதியில் நின்றார். இத்தனைக்கும் ஆள் ஐந்தடி நாலு அங்குலம்தான்.

பேர் வாங்க ரொம்ப வருஷம் ஆனது. 1975இல் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ குழு, 1979இல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நீக்கப்பட்ட பிளாக் சப்பாத். ஓஸியின் இடத்தில் இன்னொருவரா என்று ரசிகர்கள் முகம் சுளித்திருந்த நேரத்தில்தான், 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் வந்தது. தன் பெயரிலேயே குழு அமைத்து 'ஹோலி டைவர்' ஆல்பத்தை வெளியிட்ட 1983இல் அவருக்கு வயது 40. (டிராகன், வானவில், மந்திரவாதி என்று அவர் எழுதிய வரிகள் எனக்கே சில சமயம் சிரிப்பு மூட்டும். ஆனால் அவர் பாடும்போது சிரிப்பு வராது, அதுதான் விஷயம்.)

சீனியர் அறைச் சுவரில் டியோவின் படம் இருந்தது. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டிய கை. 'பாபா' வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, "இவர் எதுக்கு ரஜினி முத்திரை காட்டுறார்?" என்று கேட்டுவிட்டேன். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ரஜினியின் முத்திரையில் நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் நுனியைத் தொடும். டியோவின் கையில் கட்டைவிரல் அந்த இரண்டையும் மடக்கி அழுத்தியிருக்கும். அது அவருடைய இத்தாலியப் பாட்டி கண்திருஷ்டி படாமலிருக்கக் காட்டும் சைகை. மேடையில் இரு விரல் விரித்து சமாதானச் சின்னம் காட்டுவது ஓஸியின் பழக்கமாக இருந்தது. அதையே தானும் காட்டக்கூடாது என்று பாட்டியின் சைகையை எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் இன்று உயர்த்துவது அதைத்தான். முதலில் காட்டியவன் நானே என்று அவர் உரிமை கொண்டாடியதில்லை. ஆனால் 2017இல் கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் கிட்டத்தட்ட இதே சைகைக்கு வணிகமுத்திரை கேட்டு விண்ணப்பித்து, சில நாளிலேயே வாபஸ் வாங்கினார். பாட்டிமார் சாபம் பலித்திருக்கும்!

1985இல் ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காகச் சுமார் 40 மெட்டல் கலைஞர்களைத் திரட்டி ஒரே பாட்டைப் பாட வைத்ததிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு.

2009 நவம்பரில் வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2010 மே 16 அன்று, 67 வயதில் காலமானார். மனைவி வெண்டி அவர் நினைவாகத் தொடங்கிய புற்றுநோய் நிதியம் இன்றும் நடக்கிறது.

முதலில் 'சில்ட்ரன் ஆஃப் தி சீ' கேளுங்கள், ஹெட்போனில். நான் அன்று சண்டை போடாமலே அறைக்குத் திரும்பினேன். மறுநாள் பத்து மணிக்கு ஸ்பீக்கர் சத்தம் வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.