பணியாரம் சாப்பிட்டது யார்?

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 13 வருடமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் நண்பருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். தை மாதம் தெரிய வந்தது. இரவு ரயில் பிடித்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை போய் வந்தோம். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர்கூட விழுங்க முடியாது. வயிற்றில் போட்ட குழாயால்தான் எல்லாம் கொடுக்கிறேன். அவருடைய வீட்டாருக்கு நோயும் தெரியாது, எங்களைப் பற்றியும் தெரியாது. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று தை மாதமே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். அம்மா சம்பூரில், 72 வயது, மனம் தாங்காது. கிழமைக்கு ஒருக்கா பனங்காய்ப் பணியாரம் சுட்டு, ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு மூதூர் பஸ்ஸில் கொடுத்து விடுவார். நான் எடுத்து வந்து சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருந்ததாம் என்று போனில் சொல்லிவிடுவேன். டொக்டர் இரண்டு மாதம் என்கிறார். இவர் போன பிறகு நான் எப்படி இருக்கப் போகிறேன்? செத்த வீட்டில் நான் எங்கே நிற்பது?
பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்:

தம்பி,

காலம் எல்லாவற்றையும் ஆற்றும், கோணேசர் கைவிடமாட்டார் என்று எழுதி அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் போதும். அதை எழுதப் போவதில்லை. சாகக் கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டு எழுதிய கடிதங்கள் இந்தப் பக்கத்துக்கு நிறைய வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் தகப்பனை வைத்துப் பார்த்த தாய், தங்கச்சிக்கு மறைத்த அண்ணன், இப்படிப் பலர். அவர்கள் கேட்பது ஒன்றாக இருக்கும். போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனது வேறொன்றாக இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி, பணியாரம்.

பனங்காய்ப் பணியாரம் சுடுவது என்ன வேலை என்று தெரியுமா தம்பி? விடிய எழும்பிப் பனங்கூடல் பக்கம் போய்ப் பழம் பொறுக்க வேண்டும். தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிழிந்து, துணியில் வடிக்க வேண்டும். சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மா சேர்த்துக் குழைத்து, அடுப்புக்கு முன்னால் குந்தி இருந்து கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விரலில் ஏறின மஞ்சள் லேசில் போகாது. 72 வயது மனுசி இதைக் கிழமைக்குக் கிழமை செய்கிறார். ஏன் செய்கிறார்? ருசியாக இருந்ததாம் என்று நீங்கள் சொல்வதால் செய்கிறார். தண்ணீர் இறங்காத தொண்டைக்குப் பணியாரம் சுட வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அந்தப் பெட்டிகளைப் பற்றியும் இருக்கிறது. ஐந்து பெட்டி, கழுவித் துடைத்து, குசினித் தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக. அம்மா பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிறார், நான்தான் மறந்து மறந்து போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து நேரம் ஒன்றுகூட மறக்காத ஆள் நீங்கள். வெறும் பெட்டியை அந்த அம்மாவுக்கு அனுப்பக் கை வரவில்லை, அதுதான் விஷயம். உங்கள் மனச்சாட்சி அந்தக் குசினித் தட்டில் அடுக்கி இருக்கிறது.

செத்த வீட்டில் எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். இப்படியே போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் சம்பூருக்குப் போன் போகும். மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் எலும்பும் தோலுமாக ஒரு உடம்பு, வயிற்றில் குழாய் போட்ட அடையாளம். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாய் உங்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "நீதானே தம்பி சொன்னாய், ருசியாக இருந்தது என்று?" அதற்குப் பதில் சொல்லிவிட்டு நிற்கக்கூடிய இடம் எந்தச் செத்த வீட்டிலும் இல்லை.

அம்மாவின் மனம் தாங்காதாம். யாருடைய மனம்? 2006 இல் செல் மழைக்குள் சம்பூரை விட்டு ஓடிய சனம் அது. முகாம் முகாமாகக் கிடந்து, தகரக் கொட்டிலில் வெயில் குடித்து, 2015இலும் 2016இலும்தான் சொந்தக் காணியில் திரும்பக் கால் வைத்தார்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, ஒன்றுமில்லாத நிலத்தில் மறுபடி வீடு எழுப்பிய பெண்களில் ஒருத்தி அவர். அவருக்குத் தாங்காது என்று 44 வயதில் நீங்கள் தீர்மானிக்கிறீர்களா?

எங்கள் மாவட்டத்தில் தாய்மாருக்கு எது தாங்காது என்று ஊருக்கே தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பிறகு திருகோணமலையிலும் உட்கார்ந்தார்கள், மடியில் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு. என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அது போதும் என்றுதான் கேட்டார்கள். செத்தான் என்ற செய்தியைக்கூட எத்தனையோ பேர் தாங்கியிருப்பார்கள். தெரியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பலர் கேட்டுக் கேட்டே செத்தும் போனார்கள். இந்த அம்மாவின் மகன் காணாமல் போகவில்லை. கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம், காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக்கு முன் வந்து சேரும் தூரத்தில், கட்டிலில் கிடக்கிறான். கேட்காமலே இருக்க வேண்டிய தாய் அவர். அவரையும் அந்தத் தாய்மாரோடு உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

உங்களுடைய பயம் அம்மாவின் மனதைப் பற்றியது இல்லை, தம்பி. அம்மா வந்தால் பின்னாலே இவருடைய அண்ணன் வருவார். அண்ணன் வான் பிடிப்பார். இவரைத் தூக்கிக்கொண்டு சம்பூருக்குப் போய்விடுவார்கள், நீங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அதுதானே? அந்தப் பயம் நியாயமானது. கட்டின மனைவியாக இருந்தால் ஒருத்தரும் கையிலிருந்து பறிக்க மாட்டார்கள். உங்களிடமிருந்து பறிக்கலாம். அது பெரிய அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்குப் பயந்து ஒரு தாயின் கடைசி இரண்டு மாதத்தை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

கடிதத்தின் முதல் பக்கத்தில் "நண்பர்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் உங்களை அறியாமல் "இவர்" என்று வந்துவிட்டது. எங்கள் பெண்கள் யாரை "இவர்" என்பார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குடும்பம் யார் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு மிகவும் பழையது. படுக்கையில் கிடக்கிறவரின் மலசலம் எடுத்து, துடைத்து, புரட்டிப் போடுகிற கை யாருடையதோ அவர்தான் குடும்பம். ஆணா பெண்ணா என்று அந்தக் கணக்கு கேட்காது. ஆகவே நீங்கள் அவருடைய குடும்பம். அப்படியென்றால் குடும்பத்துக்கு உள்ள கடமையும் உங்கள் தலையில்தான். மருமகள் ஒருத்தி மாமியாரிடம் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தால் அவளுக்கு என்ன எழுதுவேனோ அதையேதான் உங்களுக்கும் எழுதுகிறேன். ஒரு சொல் குறைக்கவில்லை.

சரி, சத்தியம். தை மாதம், ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று, பயத்தில் வாங்கின சத்தியம் அது. அதற்குப் பிறகு ஒரு தடவையாவது திரும்பக் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். இன்றைக்குக் கேளுங்கள். அம்மாவைப் பார்க்க ஆசையா என்று மட்டும் கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினால்? நான் மழுப்ப மாட்டேன். நோய் அவருடையது, அதன் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். ஆனால் உங்கள் மகனுக்குச் சுகமில்லை, வந்து பாருங்கள் என்று ஒரு தாயிடம் சொல்ல எவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தப் பாவம் இருந்தால் என் மேல் போடுங்கள்.

இரண்டு ரகசியத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள், நோயையும் உங்கள் உறவையும். அவிழ்த்துவிடுங்கள். அம்மாவிடம் நோயைச் சொன்னால் போதும். மற்றதை அவர் வந்து இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தால் கண்ணால் பார்த்துக்கொள்வார். குழாயைக் கழுவுகிற விதத்தில் பார்ப்பார். ராத்திரி ஒரு முனகலுக்கு நீங்கள் எழும்புகிற வேகத்தில் பார்ப்பார். கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். அவர் கேட்காமலே விட்டால், அது அந்தப் பெண் உங்களுக்குத் தருகிற மரியாதை, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வருகிறார் என்று உங்கள் சாரத்தையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ப் படுக்கும் வேலை வேண்டாம். அது உங்கள் வீடு. வருகிறவரை வாங்கோ என்று சொல்லித் தேத்தண்ணி கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

அண்ணன் விஷயம். இவருக்கு இன்னும் பேச்சு இருக்கிறது. "நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன், இவனே பார்க்கட்டும்" என்று தாய் முன்னால், அண்ணன் முன்னால் ஒரு தடவை அவர் வாயால் சொல்லட்டும். சாகக் கிடக்கிற தம்பி பெற்ற தாய் முன்னால் சொன்ன சொல்லை மீறுவது எங்கள் சனத்துக்கு லேசில்லை. பேச்சு எத்தனை நாளைக்கு இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தள்ளிப்போடத் தள்ளிப்போட உங்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதமும் போகிறது. உங்கள் பயத்துக்கும் இதுதான் மருந்து, இதைவிட வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

பொலிஸ், சட்டம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1883 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டக்கோவை அது. 1995 திருத்தத்தில் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். அதை மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் சட்டமூலம் நிறைவேறவில்லை. வெட்கக்கேடு. இருந்தாலும் நோயாளியைப் பார்ப்பதும் ஒரே வீட்டில் இருப்பதும் எந்தப் பிரிவிலும் குற்றம் இல்லை. உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு: சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருக்கு யாருமே இல்லை. கடை மெஷின் அவர் எடுத்த கடனில் வாங்கியது என்கிறீர்கள். ஆகவே மரண சாசனம் எழுத வையுங்கள். நொத்தாரிசு முன்னால் என்றால் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சி. தலை தெளிவாக இருக்கிற ஒரு காலையில் செய்யுங்கள், நிதானத்தோடு இருந்தார் என்று டொக்டரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். அதில் அம்மாவுக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்லுங்கள். அவர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

மோர்பீனை நேரத்துக்குக் கொடுங்கள், வலி வந்த பிறகு பார்ப்போம் என்று வைத்திருக்க வேண்டாம். பழகிப்போய்விடும் என்ற பயம் இந்த நிலையில் அர்த்தமில்லாதது. மலம் இறுகும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வாயை ஈரப் பஞ்சால் அடிக்கடி துடைக்க வேண்டும். அந்த ஒரு வேலையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பணியாரத்தில் ஒரு பொட்டு நாக்கில் தொட்டுக் காட்டிவிட்டுத் துடைத்து எடுக்கலாமா என்று கிளினிக் நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், இத்தனை கிழமையாக நீங்கள் சொன்ன பொய்யை அந்த அம்மாவின் கையே மெய்யாக்கிவிடும்.

கொள்ளி வைப்பது அண்ணனோ அண்ணன் மகனோ, அதில் போட்டிக்குப் போக வேண்டாம். ஆனால் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போவார்கள் என்றால் நீங்களும் போங்கள். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் வாளால் குத்திய ஏழு கிணறு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே கடன் கழிக்க வேண்டிய மகனே முந்திப் போகிறான். அந்தத் தாயைப் படியில் கைபிடித்து இறக்க அன்றைக்கு ஒரு ஆள் வேண்டும்.

தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு அம்மா போன் எடுப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற அன்றைக்கும் எடுப்பார். குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். மூச்சை இழுத்துக்கொண்டு இவ்வளவும் சொல்லுங்கள்: "அம்மா, அவருக்குச் சுகமில்லை. கன நாளாகச் சாப்பிட முடியவில்லை. பணியாரம் எல்லாம் நான்தான் சாப்பிட்டேன். நாளைக்குக் காலையில் வாங்கோ, பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன்."