பின்வரிசையில் ஆடும் மகனும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் பதினோராம் வகுப்பு படிக்கும் தங்கள் மகன், ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் டான்டினாங் ஸ்டிங்ரேஸ் அணியின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பயிற்சிக் குழுவிலிருந்து அழைப்பு வந்திருப்பதால், அடுத்த ஆண்டு மெத்தட்ஸ் எனப்படும் உயர்நிலைக் கணிதத்தை விட்டுவிட்டு இலகுவான பாடம் ஒன்றை எடுக்க விரும்புகிறார் என்றும், அதைக் கேட்ட அவருடைய தந்தையார் ஆட்டத்தையே நிறுத்திவிடும்படி சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இருவர் முடிவிலும் எனக்கு உடன்பாடில்லை. மகன் ஆடட்டும், கணிதமும் படிக்கட்டும். இதை இருவரையும் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் ஆடும் இடம் எதிரணியைத் தடுக்கும் பின்வரிசை என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் எனப்படும் ஏ.எஃப்.எல். போட்டியில் இப்போது 18 கழகங்கள் உள்ளன. 19ஆவது கழகமாக டாஸ்மேனியா 2028இல் சேரவிருக்கிறது. ஒரு கழகத்தின் பட்டியலில் இடம்பெறுவோர் நாற்பதைச் சற்றே தாண்டுவர். கழகங்கள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் தேசிய டிராஃப்ட் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிறது; அதில் நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ அறுபது எழுபது பேர் மட்டுமே எடுக்கப்படுகிறார்கள். கழகம்தான் வீரரைத் தேர்ந்தெடுக்கும். கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லை. ஆகவே தங்கள் மகன் எடுக்கப்பட்டால், பதினெட்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்கோ பிரிஸ்பனுக்கோ போய், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி வாழவேண்டியும் வரலாம். முதல் ஒப்பந்தம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். லீக் வீரர்களின் சராசரி ஆண்டு ஊதியம் நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். புதிதாகச் சேரும் இளைஞருக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். அந்த முதல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போனால், இருபது இருபத்தொரு வயதில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அப்போது அவர் கையில் என்ன இருக்கும் என்பதே நாம் இப்போது பேசவேண்டிய கேள்வி.

தந்தையார் இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்ததில்லை என்று எழுதியிருப்பதால் பின்வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முட்டை வடிவப் பந்து. கிரிக்கெட் மைதானத்தை ஒத்த பெரிய நீள்வட்டத் திடல். பக்கத்துக்குப் பதினெட்டு பேர். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. அந்த ஆறு புள்ளியைத் தடுப்பதே பின்வரிசை வீரரின் முதல் வேலை. எதிரணியின் மிக உயரமான முன்வரிசை வீரரோடு தோளொட்டி நின்று, வானத்திலிருந்து இறங்கும் பந்தை அவர் பிடிக்குமுன் மடக்கிய கையால் குத்தி அப்புறப்படுத்த வேண்டும். இன்னும் தேர்ந்தவராக இருந்தால், பந்து எங்கே விழும் என்பதை உதைப்பவரின் உடலசைவிலிருந்தே கணித்து, தமக்குரிய எதிராளியை விட்டு விலகி, குறுக்கே போய்த் தாமே பிடித்துவிடுவார். அங்கிருந்து தம் அணியின் தாக்குதலைத் தொடங்கிவைப்பதும் அவர்தான். குத்தி வெளியே தள்ளிய பந்தை யாரும் காணொளித் துணுக்காக வெட்டிப் பகிர்வதில்லை. லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கமும் பெரும்பாலும் நடுக்கள வீரர்களுக்கே போய்ச் சேருகிறது. 1993இல் எசெண்டன் கழகத்தின் பின்வரிசையில் ஆடிய கேவின் வாங்கனீன் அதை வென்றது அரிய விதிவிலக்கு.

புகழ் குறைவாகக் கிடைக்கும் இந்த இடத்துக்கு, பெற்றோர் கவனிக்கவேண்டிய ஒரு நன்மை உண்டு. நடுக்கள வீரரின் ஓட்டத்தையும் வேகத்தையும் பதினேழு வயதிலேயே அளந்துவிடலாம். பின்வரிசை வீரருக்கு வேண்டிய உடற்கட்டும், பந்தின் போக்கை முன்கூட்டியே உணரும் கண்ணும், அவசரப்படாத தீர்ப்பும் பலருக்கு இருபதைத் தாண்டிய பிறகே கைகூடுகின்றன. அதனால் பதினெட்டு வயதில் வாசல் அடைபட்டாலும், முதிர்ந்த வயதில் மற்றொரு வாசல் இவர்களுக்குத் திறக்கிறது.

அதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், செயின்ட் கில்டா கழகத்தின் கேலம் வில்கி. 1996இல் பிறந்த இவரைப் பதினெட்டு வயதில் எந்தக் கழகமும் எடுக்கவில்லை. அவர் படித்துக் கணக்காளரானார். பகலில் கணக்காளர் வேலை, மாலையிலும் வார இறுதியிலும் தெற்கு ஆஸ்திரேலிய மாநில லீக்கில் நார்த் அடிலெய்டு அணியின் பின்வரிசை. 2018இல் அந்த அணி மாநிலக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு நவம்பரில், தேசிய டிராஃப்ட் முடிந்து, மிச்சமிருப்போரைப் பொறுக்கி எடுப்பது போன்ற ரூக்கி டிராஃப்டில், மூன்றாவது தேர்வாகச் செயின்ட் கில்டா அவரை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 22. அடுத்த ஆண்டின் முதல் சுற்றிலேயே களமிறங்கியவர், தொடர்ந்து நூறு ஆட்டங்களுக்கு மேல் ஒன்றையும் தவறவிடாமல் ஆடினார். 2023இல் நாட்டின் தலைசிறந்த வீரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்றார். ரூக்கி டிராஃப்டில் பெயர் அழைக்கப்படாமல் போயிருந்தால் அவர் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று தந்தையாரிடம் கேளுங்கள். மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். ஜீலாங் கழகத்தின் டாம் ஸ்டூவர்ட்டும் 23 வயதில், 2016 டிராஃப்டில் நாற்பதாவது தேர்வாக எடுக்கப்பட்டவர். 2022இல் கோப்பை வென்ற அணியின் பின்வரிசைத் தூண் அவரே.

நம்மவர் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் எங்கே இடம் கிடைக்கப்போகிறது என்றும் தந்தையார் கேட்டிருக்கிறார். ஐயம் நியாயமானதுதான்; தெற்காசியப் பெயர்களை இந்த லீக்கில் காண்பது அரிது. ஆயினும், கென்யாவின் ககூமா அகதி முகாமில் தென் சூடானியப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவனாக ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த அலீர் அலீர், முதலில் சிட்னியிலும் பிறகு போர்ட் அடிலெய்டிலும் பின்வரிசை வீரராக ஆடி 2021இல் ஆல்-ஆஸ்திரேலியன் அணிக்குள் வந்தார். பெயரும் பிறப்பிடமும் வாசலை மூடிவிடுவதில்லை என்பதற்கு இது போதும். எளிதாகத் திறந்துவிடும் என்பதற்கு இது சான்றாகாது.

வெற்றி பெற்றவர்களின் ஆட்ட ஆயுளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டஸ்டின் ஃப்ளெட்சர் பள்ளி மாணவராக இருந்தபோதே 1993இல் எசெண்டனின் கோப்பை வென்ற அணியில் ஆடி, நாற்பதாம் வயதில், 2015இல், 400 ஆட்டங்களுடன் ஓய்வுபெற்றார். ரிச்மண்டின் அலெக்ஸ் ரான்ஸ் 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகளும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்றவர். 2019இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு இறுதியில் முப்பது வயதில் விலகிவிட்டார். தம் காலத்தின் மிகச் சிறந்த பின்வரிசை வீரர் என்று பலரும் சொன்ன ஒருவருக்கே இந்த நிலை. ஃப்ளெட்சரை மனத்தில் வைத்துக் கனவு காணலாம். குடும்பம் திட்டமிடும்போது ரான்ஸை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

முழங்கால் காயம் பெரும்பாலும் ஆறும். தலைக்காயத்தில்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கவலையளித்தது. கண்ணைப் பந்தின் மேல் வைத்துப் பின்னோக்கி ஓடும்போது, எதிரே வரும் உடலைப் பின்வரிசை வீரர் பார்ப்பதில்லை. காலிங்வுட் கழகத்தின் நேதன் மர்பி 2023 செப்டம்பர் இறுதியில் நடந்த இறுதிப் போட்டியின் முதல் கால் பகுதியில் தலையில் அடிபட்டு வெளியேறினார். அவருடைய அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. அதுவே அவருடைய கடைசி ஆட்டமாகவும் ஆயிற்று. முன்பே பலமுறை கன்கஷன் எனும் மூளை அதிர்வுக் காயத்துக்கு ஆளாகியிருந்த அவர், மருத்துவ நிபுணர் குழுவின் பரிந்துரையை ஏற்று 2024 ஏப்ரலில், 24 வயதில், ஓய்வை அறிவித்தார். செயின்ட் கில்டாவின் முன்னாள் அணித்தலைவரும் பின்வரிசை வீரருமான டேனி ஃப்ராலி 2019இல் மறைந்த பிறகு அவருடைய மூளையை ஆய்வு செய்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. எனும் மூளைச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. விதிகள் இப்போது இறுகியுள்ளன. அவற்றை வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருந்தால்தான் பயன் உண்டு.

சமூக நிலை ஆட்டங்களில் 2024 முதல் உள்ள வழிகாட்டுதலின்படி, கன்கஷன் ஏற்பட்ட வீரர் குறைந்தது 21 நாட்கள் ஆடக்கூடாது. ஏ.எஃப்.எல். வீரருக்கு அது குறைந்தது 12 நாட்கள். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மருத்துவர்கள் அங்கே இருப்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். தங்கள் மகன் தொலைக்காட்சியில் பார்ப்பதை வைத்து வாதாடினால் இதைச் சொல்லுங்கள். அந்த மருத்துவர்கள் இருந்தும் தவறு நடக்கிறது: மேலே சொன்ன அலீர் அலீர் 2023இல் தலையில் அடிபட்ட பிறகு முறையான சோதனை இன்றி மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டதற்காக அவருடைய கழகத்துக்கு லீக் அபராதம் விதித்தது. தலைக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. மென்கவசங்கள் கன்கஷனைத் தடுக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அடிபட்ட மறுநாள் தலைவலி, ஒளி கூசுதல், பாடத்தில் மனம் நிற்காமை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை தெரிந்தால், தேர்வுக்குழு பார்க்க வருகிறது என்று பயிற்சியாளரிடம் மறைப்பதற்கு மகன் முயல்வார். மறைக்காமல் சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழாது, ஆட்டத்துக்கு நிரந்தரத் தடையும் வராது என்ற உறுதியை இப்போதே தந்தையார் தம் வாயால் கொடுக்க வேண்டும். ஆட்டத்தையே நிறுத்துவேன் என்று மிரட்டும் வீட்டில்தான் பிள்ளைகள் தலைவலியை மறைக்கிறார்கள்.

இனிப் படிப்புக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் முடியும் தறுவாயிலோ முடிந்த சில நாட்களிலோதான் டிராஃப்ட் நடக்கும். ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது மகனின் கற்பனை அன்று. ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் கடினமாகவே இருக்கும். ஆயினும் மெத்தட்ஸ் கணிதத்தை இப்போது கைவிட்டால், பொறியியல், பல வணிகவியல் படிப்புகள் ஆகியவற்றின் நுழைவுத் தகுதியும் கூடவே போய்விடும். இழந்ததைப் பின்னர் மீட்கலாம். ஆனால் அதற்கு ஓராண்டு கூடுதலாகச் செலவாகும், அதுவும் டிராஃப்டில் பெயர் வராத ஆண்டில். பாரம் தாங்காது என்றால் குறைக்கவேண்டியது வேறு பாடத்தை. மொத்தப் பாடங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கலாமா என்று பள்ளியின் தொழில்வழி ஆலோசகரோடு பேசுங்கள்; பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றை முடித்திருந்தால் இது எளிது.

பெயர் வந்துவிட்டால் பல்கலைக்கழக இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாது. பெரும்பாலான படிப்புகளில் இடத்தை ஓராண்டு ஒத்திவைக்கலாம். உயர்நிலை விளையாட்டு வீரர்களுக்குப் பகுதிநேரப் படிப்பு, தேர்வுத் தேதி மாற்றம் போன்ற சலுகைகளைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. ஏ.எஃப்.எல். வீரர்கள் சங்கம் படிப்புக்கான உதவித்தொகையும் அளிக்கிறது. பருவத்துக்கு ஓரிரு பாடம் என்ற கணக்கில் படித்தாலும், முதல் ஒப்பந்தம் முடியும்போது பட்டப்படிப்பின் ஒரு பகுதி கையில் இருக்கும். பெயர் வராவிட்டால், பல்கலைக்கழகத்தில் முழுநேரம் சேர்ந்துகொண்டு விக்டோரிய மாநில லீக்கில் ஆடும் வழி இருக்கிறது; 2019இல் மீண்டும் தொடங்கப்பட்ட பருவ இடை டிராஃப்ட் அங்கிருந்தும் வீரர்களை எடுக்கிறது. இருபத்துநான்கு வயது வரை அந்த வழியில் முயலட்டும். அதற்கு மேல் என்பதை அவரே அப்போது முடிவு செய்வார்.

பயிற்சியாளரைத் தாங்கள் இருவருமே சென்று சந்திக்க வேண்டும். மகனை மட்டும் அனுப்ப வேண்டாம். வாரத்தில் எத்தனை மாலைகள் பயிற்சி, தேர்வு வாரங்களில் விடுப்பு உண்டா, தலைக்காயம் ஏற்பட்டால் களத்தில் முடிவெடுப்பவர் யார், ஆட அனுமதிக்கும் மருத்துவச் சான்றை யாரிடம் பெற வேண்டும் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டிங்ரேஸ் போன்ற அணிகளுக்கு மாணவர்களின் பெற்றோரிடமிருந்து இக்கேள்விகள் புதியவை அல்ல. பாடத்தேர்வுப் படிவத்தைப் பள்ளியில் கொடுக்கவேண்டிய தேதிக்கு முன்பாகவே இந்தச் சந்திப்பு நடந்துவிட வேண்டும். பயிற்சி மாலைகளின் எண்ணிக்கை தெரிந்த பிறகு அந்தப் படிவத்தை மகனே நிரப்பட்டும், தந்தையார் கையெழுத்திடட்டும்.