படகோனியாவில் வெட்டிய முதல் வாய்க்கால்

அன்புள்ள ஐயா,

அர்ஜென்டினாவின் படகோனியாவில் 1865-இல் குடியேறிய வேல்ஸ் மக்களைப் பற்றி அண்மையில் படித்தேன். ஆளில்லாத பொட்டல்வெளியை அவர்கள் தங்கள் உழைப்பொன்றாலேயே கோதுமை வயலாக்கினார்கள் என்றும், முதல் வாய்க்கால் ஒரு பெண்ணின் யோசனை என்றும் அதில் இருந்தது. இவை உண்மைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாய்க்காலிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் குடியேற்றத்தின் உயிர் அதில்தான் இருந்தது.

ஆங்கிலத்தின் ஆதிக்கத்தில் தம் மொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய மைக்கேல் டி. ஜோன்ஸ் என்ற சமயப் போதகரின் முயற்சியால், ஏறத்தாழ 150 பேர் லிவர்பூலில் மிமோசா என்ற பாய்மரக் கப்பலில் ஏறி, 1865 ஜூலை 28 அன்று, அங்கே குளிர்காலம் நடந்துகொண்டிருந்தபோது, இன்று புவேர்ட்டோ மாட்ரின் எனப்படும் கரையில் இறங்கினார்கள். அங்கே குடிநீர் இல்லை. சூபுத் ஆற்றுக்கு வறண்ட நிலத்தின் வழியே 60 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வந்தவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்களும் கைவினைஞர்களும், உழவறிந்தவர் சிலரே. அந்தச் சிலருக்கும் தெரிந்தது மழை ஓயாத வேல்ஸின் வேளாண்மைதான். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் பள்ளத்தாக்கில் அவர்கள் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். விளைச்சல் பொய்த்தது, இடத்தையே விட்டுப் போய்விடலாமா என்று விவாதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

1867-இன் இறுதியில் ஆரன் ஜென்கின்ஸ் என்பவரின் பயிர் வாடத் தொடங்கியபோது, ஆற்றின் நீர்மட்டம் வயலைவிட உயர்ந்திருப்பதைக் கண்ட அவருடைய மனைவி ரேச்சல், கரையை வெட்டி நீரைத் திருப்பிவிடலாமே என்று சொன்னதாகக் குடியேறியவர்களின் வழிவழி வந்த நினைவு கூறுகிறது. நான் அதை நம்புகிறேன். ஒரு சிறு வாய்க்கால் வெட்டியதும் தண்ணீர் தானாகவே வயலுக்குள் பாய்ந்தது, பயிர் பிழைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றவர்களும் கூடி வெட்டிய கால்வாய்கள் பள்ளத்தாக்கின் இருபுறமும் நீண்டன. கோதுமை வெளியூருக்கு விற்கும் அளவுக்கு விளைந்தது. ஆற்றை நம்பிய வாழ்வுக்கு உரிய ஆபத்தும் உடன் வந்தது: 1899-இல் வந்த பெருவெள்ளம் வீடுகளையும் கால்வாய்களையும் அடித்துச் சென்றது, 1902-இல் 200 பேருக்கு மேல் கனடாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

ஆனால் "ஆளில்லாத", "உழைப்பொன்றாலேயே" என்ற இரு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. வாய்க்காலுக்கு முந்தைய அந்த இரண்டாண்டுகளில் அவர்கள் பட்டினியால் மடியாததற்கு அர்ஜென்டின அரசு அனுப்பிய உணவும் விதையும் கால்நடையும் ஒரு காரணம். மற்றொரு காரணம் அந்நிலத்தின் தொல்குடிகளான தெகுவெல்ச்சே மக்கள். அந்தச் சமவெளி தலைமுறை தலைமுறையாக அவர்கள் குவனாக்கோ என்ற, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுவிலங்கின் மந்தைகளைத் தொடர்ந்து நடமாடிய நிலம். 1866-இல் வந்து பழகிய அவர்கள், கல்குண்டு கட்டிய கயிற்றை வீசிக் குவனாக்கோவையும் நெருப்புக்கோழி போன்ற பறவையையும் வீழ்த்துவதைப் புதியவர்களுக்குக் கற்பித்தார்கள். இறைச்சியும் தோலும் இறகும் கொடுத்து ரொட்டி வாங்கிக்கொண்டார்கள். குடியேறியவர்கள் கரியையும் கம்பளியையும் அறிந்தவர்கள். இந்த நிலத்தை அறிந்தவர்கள் தெகுவெல்ச்சேக்களே.

பின்னர் அர்ஜென்டின ராணுவம் படகோனியாவின் தொல்குடிகள்மீது படையெடுத்தபோது, அவர்களுக்காக வேல்ஸ் குடியேறிகள் பரிந்து எழுதினார்கள், பலன் இல்லை. மூன்று வயதுக் குழந்தையாக மிமோசாவில் வந்த ஜான் டேனியல் இவான்ஸ், 1880-களில் வல்சேட்டா என்ற இடத்தில் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களிடையே தம் பிள்ளைப்பருவத் தெகுவெல்ச்சே நண்பனைக் கண்டதைப் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவனை மீட்டு அழைத்துப்போகப் பணத்தோடு மீண்டும் அங்கே சென்றபோது, அவன் உயிரோடு இல்லை.

அன்புடன்.