பள்ளிக்கரணைக்கு 300 மி.மீ. லென்ஸ் போதும்

வணக்கம் நண்பரே. 300 மி.மீ. லென்ஸில் பறவை சிறிதாகவே விழுகிறது, படங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை, பள்ளிக்கரணைக்குப் போவதே சலித்துவிட்டது, கேமராவை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்.

2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சென்னைச் சதுப்புநிலத்தில், பறவை சிறிதாகவும் பின்னே அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாகவும் தெரியும் படமே அவ்விடத்தின் நிலையை உள்ளபடி காட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. அரிய பறவைகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, நீளவால் இலைக்கோழியை மட்டும் ஒரு பருவம் முழுவதும் கவனித்துப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதன் வால் நீள்வதையும், பெட்டை முட்டையிட்டு விலகிய பின் ஆணே மிதக்கும் இலைகளின்மேல் தனியாக அடைகாப்பதையும், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதையும் பார்க்கும்போது, பாராட்டு வந்ததா என்ற எண்ணமே எழாது. அடைகாக்கும் பறவை தலையை உயர்த்தி உங்களையே நோக்கினால் உடனே பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் சொல்லாதீர்கள்.

மற்றபடி, நாளும் இடமும் குறித்து பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால், அடையாளம் தெரியும் அளவுக்கான மங்கலான படம்கூட ஆய்வாளர்களுக்குச் சான்றாகும். இந்த வாரமே, பழைய படங்களிலிருந்து தொடங்கலாம்.