முதுமையில் இதயத்தின் தற்காப்புத் திறன் ஏன் குறைகிறது?

இரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைப்பட்டு மீளும்போது, அடுத்து வரும் நீண்ட தடையைத் தாங்கும் திறனை இதயத் தசை தானாகவே பெறுகிறது. 1986இல் வெளிவந்த ஆய்வொன்றில், நாய்களின் இதயத்தில் 5 நிமிடத் தடையை 4 முறை ஏற்படுத்திய பிறகு இரத்தக்குழாயை 40 நிமிடம் அடைத்தபோது, முன்தடை இல்லாதவற்றோடு ஒப்பிடத் தசைச் சேதம் ஏறத்தாழக் கால் பங்காகவே இருந்தது.

வயது ஏற ஏற இந்தப் பாதுகாப்பு மங்குகிறது. தடையின்போது இதயத்தில் வெளிப்படும் அடினோசின் போன்ற பொருள்கள் தரும் எச்சரிக்கை செல்லுக்குள் முழுமையாகக் கடத்தப்படாததும், இரத்தம் மீண்டும் பாயும் வேளையில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுத் துளைகள் எளிதில் திறந்துகொண்டு செல்லை அழிவுக்குத் தள்ளுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். மாரடைப்புக்கு முன், இத்தகைய சிறு தடைகளால் வரும் நெஞ்சுவலி இளையோருக்கு அளிக்கும் பாதுகாப்பு (அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது எந்த வயதிலும் ஆபத்தே) முதியோரிடம் பெரிதும் காணப்படுவதில்லை. எனினும், வயதான விலங்குகளில் உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் இத்திறனை ஓரளவு மீட்டிருப்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.