'செக்யூரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் சரியான பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வி வராது. அவசரம் என்றால் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். மீதி என் புலம்பல்.

மூலம் லத்தீன். 'செ' என்றால் இல்லாமல், விலகி. 'கூரா' என்றால் கவலை, அக்கறை. இரண்டும் சேர்ந்தால் 'செகூருஸ்', அதாவது கவலையில்லாதவன். அவனுடைய நிலை 'செகூரிதாஸ்'. அதுதான் ஆங்கிலத்துக்கு வந்து செக்யூரிட்டி ஆனது. ஆரம்பத்தில் இந்தச் சொல்லுக்குள் பூட்டு, காவல், துப்பாக்கி எதுவும் கிடையாது, மன நிம்மதி மட்டும்தான். 'ஷ்யூர்' என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதே செகூருஸ்தான். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் தேய்ந்து போனது. 'க்யூர்', 'அக்யூரேட்' இரண்டும் கூரா குடும்பம். 'கேர்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. பார்க்க ஒன்று போல இருந்தாலும் அது பழைய ஜெர்மானியச் சொல். தேர்வில் இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை, மெக்கானிக்கல். லத்தீன் உச்சரிப்பில் தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் கமெண்டில் திருத்துங்கள், சண்டைக்கு வர வேண்டாம். ஒரு மெக்கானிக்கல்காரன் ஏன் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினான் என்றால், என் அப்பா 14 வருடம் செக்யூரிட்டியாக இருந்தார்.

கோயம்புத்தூரில் மில் வேலை. மில்லை மூடினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, ஒரு ஏஜென்சி மூலமாக ஒரு அப்பார்ட்மென்ட் கேட்டில் சேர்ந்தார். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு வரை. நீலச்சட்டை, தோளில் ஒரு கயிறு, அதில் ஒரு விசில். ஒரு கால் லேசாக வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி, அந்தக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பார். அங்கே 64 வீடு. அத்தனை வீட்டிலும் அவர் பேரு செக்யூரிட்டி. "செக்யூரிட்டி, வாட்டர் கேன் வந்துச்சா?" "செக்யூரிட்டி, இந்த வண்டிய யார் இங்க விட்டது?" அஞ்சு வயசுப் பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடும். வாட்ச்மேன் என்பதை மரியாதையாக மாற்றிவிட்டோம் என்று அசோசியேஷன்காரர்களுக்கு ஒரு நினைப்பு. மில்லில் இருந்தவரை அவருக்குப் பேர் இருந்தது.

2011-ல் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனோம். எந்த பேங்க் என்று சொல்லப் போவதில்லை. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்துவிட்டார், தோளில் அந்த விசிலோடு. ஃபார்ம் முழுக்க இங்கிலீஷும் இந்தியும். தமிழில் ஒரு வரி கிடையாது. (கோயம்புத்தூரில் கிளை வைத்து, கோயம்புத்தூர்க்காரன் காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு தமிழ் ஃபார்ம் அச்சடிக்க என்ன கேடு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கேட்டால் "ஆன்லைன்ல இருக்கு சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் அதுவும் இங்கிலீஷ்.)

அதிகாரி ஃபார்மைப் புரட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "செக்யூரிட்டி என்ன இருக்கு?" என்றார்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "நானே செக்யூரிட்டிதானுங்க சார்."

பக்கத்து கவுண்டரில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, யூனிஃபார்மைப் பார்த்து, அவரும் சிரித்தார். கேவலப்படுத்தும் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், உண்மையிலேயே அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் கேட்டது 3 லட்சத்து 20 ஆயிரம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அப்போது 4 லட்சம் வரை ஈடு எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தது. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் எழுந்து நின்றிருக்க வேண்டியவர் அப்பா இல்லை. வெளியே வந்ததும் அவர், "அது வேற செக்யூரிட்டியா கண்ணு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வேற செக்யூரிட்டிதான். கடன் கொடுத்தவன் தூங்க வேண்டும் என்றால் கையில் ஒரு பிடி வேண்டும், நிலமோ நகையோ பத்திரமோ. கவலையைப் போக்கும் அந்தப் பொருளுக்கே செக்யூரிட்டி என்று பேராகிவிட்டது. அப்புறம் கடன் பத்திரம், பங்கு எல்லாம் செக்யூரிட்டீஸ். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பை செபி என்கிறோமே, அதன் முதல் எழுத்தும் இதுதான். தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. கேட்டில் நிற்பது காவல், பேங்கில் வைப்பது ஈடு, ஆள் கையெழுத்துப் போட்டால் பிணை. அந்த அதிகாரி "ஈடு என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தால் எங்கள் அப்பா எழுந்தே இருக்க மாட்டார். தமிழ்ப் பெருமை பேசுகிறான் என்பீர்கள், பேசிவிட்டுப் போகிறேன். மூலச் சொல்லுக்கு நெருக்கமாகத் தமிழில் ஒன்று வேண்டும் என்றால் 'ஏமம்'. அதற்குப் பாதுகாப்பு என்றும் இன்பம் என்றும் பொருள் உண்டு. 306-வது குறளில் வரும் 'ஏமப் புணை' இந்த ஏமம்தான்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே இது கெட்ட வார்த்தையாகவும் இருந்தது. கவலையில்லாதவன் அசட்டையாக இருப்பான் இல்லையா, அந்த அர்த்தத்தில். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கேட், மனிதனுக்குப் பெரிய எதிரியே செக்யூரிட்டிதான் என்பாள். அதாவது நமக்கு ஒன்றும் ஆகாது என்ற மிதப்பு.

ரோமானியர்கள் செகூரிதாஸை ஒரு பெண் தெய்வமாகவே ஆக்கி நாணயத்தில் அச்சடித்தார்கள். நீரோ காலத்துக் காசு ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறேன். அம்மணி ஆசனத்தில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பாள். இதே போஸில் ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்கு எங்கள் அப்பா இருந்தார் என்று யாரோ போட்டோ எடுத்து குரூப்பில் போட, ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

இதைச் சொன்னால், "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குற வேலைதானே" என்று எழுத ஒருவர் வருவார். அவருக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறேன். வேலை செய்யாமல் காசு வாங்கும் பதவிக்கு ஆங்கிலத்தில் 'சைனக்யூர்' என்று பேர். அதுவும் கூரா வம்சம்தான். பக்தர்களைக் கவனிக்கும் பொறுப்பு இல்லாமலே சர்ச் வருமானம் வாங்கிய பாதிரியார்களுக்காக வந்த சொல் அது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்து ஹாரன் அடிப்பவனுக்குக் கேட் திறந்துவிட்டு வசவும் வாங்கிக்கொள்பவருக்கு அது பொருந்தாது.

கடன் கடைசியில் வேறொரு பேங்கில் கிடைத்தது, அடைத்தும் ஆயிற்று. அப்பா 2019-ல் வேலையை விட்டார். சேரும்போது யூனிஃபார்முக்கு என்று ஏஜென்சி 1,500 ரூபாய் பிடித்து வைத்திருந்தது. திருப்பித் தரச் சொல்லி மூன்று தடவை போனோம், ஓனர் வெளியூர் என்றார்கள். அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. அதில் நீல மையில் எழுதியிருப்பது: செக்யூரிட்டி டெபாசிட்.